கல்லோடு போன உயரம்

ஆலங்குட்டைக்கு பஸ் வருவதற்கு முன்பே விமானம் வரப்போகிறது என்ற செய்தி வந்துவிட்டது. நகரியில் இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்து, ஓடையில் முழங்கால் தண்ணீரைக் கடந்துதான் அந்த ஊருக்குப் போக முடியும். இப்படிப்பட்ட ஊருக்கு முதலில் ஒரு ரோடு போடலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் எஞ்சினியர் வேலைக்கு லாயக்கில்லை என்று அர்த்தம்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சித்தூரில் ஒரு அரிசி மண்டிக்கு மேல்மாடியில் 'விமானத்தள முன்னேற்பாட்டுப் பிரிவு' என்று ஒரு ஆபீஸ் திறந்தார்கள். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. விமானத்தளம் கட்டுவது அந்த ஆபீசின் வேலை இல்லை. கட்டினால் எத்தனை பேர் வருவார்கள், அத்தனை பேருக்கு எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும், அவ்வளவு பெரிதாகக் கட்டினால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பதுதான் வேலை. திருப்பதிக்கு வருகிற பக்தர்கள் குறையவே போவதில்லை என்பதால் கணக்கும் முடியப் போவதில்லை.

அதன் தலைவர் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் சீதாபதி ராவ். நல்ல மனிதர், நாமம் பளிச்சென்று இருக்கும். விமானத்தில் ஏறியதில்லை. உயரம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மலைக்குப் போனாலும் காரில் கண்ணை மூடிக்கொண்டுதான் போவார். பேசுவது தெலுங்கு, கோபம் வந்தால் இங்கிலீஷ். ஆலங்குட்டைக்காரர்களுக்குத் தெலுங்கு தண்ணீர்பட்ட பாடு என்பதால் அதில் ஒரு தொந்தரவும் இருக்கவில்லை.

அந்த ஊரில் கன்னையாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. நிலக்கடலை போடுவார். கிணற்றை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் நிழலில் சுண்ணாம்பு அடித்த ஒரு கல். அந்தக் கல்லுக்குக் கீழே அவருடைய மூத்த மகள் தாட்சாயணி இருந்தாள். ஆந்திரா பிரிந்த வருஷம் அம்மை போட்டு, ஒன்பது வயதில் போய்விட்டாள்.

கல்யாணம் ஆகாமல் போன பெண்ணை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் விட்டுவிடுவதில்லை. பூவாடைக்காரி என்று பெயர் சொல்லிக் கல்லில் உட்கார வைப்பார்கள். வீட்டில் எந்த நல்லது நடந்தாலும் முதல் துணி, முதல் பூ அவளுக்கு. கல்யாணம் என்றால், அவளைக் கல்லிலிருந்து கூப்பிட்டு, மஞ்சள் தண்ணீர்ச் செம்பில் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் பந்தக்கால் நடுவார்கள். கன்னையாவின் மனைவி சென்னம்மாவுக்கு மகள் கல்லில்தான் இருக்கிறாள் என்பதில் சந்தேகமே இல்லை. கன்னையாவுக்குச் சில நாள் அப்படித் தோன்றும், சில நாள் தோன்றாது. ஆனால் கிணற்றுப் பக்கம் போனால் அந்தக் கல்லைத் தொடாமல் அவர் திரும்பியதில்லை.

மார்கழியில், விமானத்தளத்துக்கு மட்டம் பார்க்க வந்த ஒரு ஜீப் ஓடையில் மாட்டிக்கொண்டு, ஊர்க்காரர்கள் தள்ளி, கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. ராவும், அவருடைய ஜூனியர் எஞ்சினியர் சம்பத்தும் இறங்கினார்கள். சம்பத் புத்தூர்க்காரர், வீட்டில் பேசுவது தமிழ்.

வெள்ளைக்காரன் காலத்து மேப்பில், அந்த இடத்தில் ஒரு ஆதாரக் கல் இருப்பதாகப் போட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அடையாளத்துக்கு நட்ட சர்க்கார் கல். அதை வைத்துத்தான் மற்ற எல்லா மட்டமும் பார்க்க வேண்டும். அந்த அசல் கல்லை வண்ணார் ஒருவர் என்றோ பிடுங்கிக் குட்டைக்கரையில் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தார். ராவின் கண்ணில் பட்டது தாட்சாயணியின் கல்.

மஞ்சளும் குங்குமமும் பூவும் இருந்ததே, சந்தேகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வராது. அந்தச் சீமையில் நின்றுகொண்டிருக்கிற எந்தக் கல்லையும் ஜனங்கள் சும்மா விடுவதில்லை. மைல்கல்லுக்குப் பொட்டு, எல்லைக் கல்லுக்குப் பொட்டு, ரயில்வே கல்லுக்கு ஆடி மாதம் கூழே ஊற்றுவார்கள். ஊரின் வழக்கம் தெரிந்த எஞ்சினியர் மஞ்சளுக்குக் கீழே சர்க்காரைத்தான் பார்ப்பார்.

"சாமி, அது சர்க்கார் கல்லு இல்ல. எங்க பொண்ணு," என்றார் கன்னையா.

ராவ் மேப்பை விரித்துப் பார்த்தார். "இதில் கல் என்று இருக்கிறது. பெண் என்று இல்லை. வெள்ளைக்காரன் பொய் சொல்வானா?"

"அவ செத்தே ரெண்டு வருசம்தான் ஆவுது சாமி. வெள்ளைக்காரனுக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் நானும் சொல்கிறேன். உன் பெண்ணுக்கு முன்பே கல் இருந்திருக்கிறது."

இதற்குப் பதில் கேட்பது போல கன்னையா சம்பத்தைப் பார்த்தார். சம்பத்துக்குத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் தகுதிகாண் பருவத்தில் இருந்தார். கல்தச்சனைக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, கல்லின் நெற்றியில் ஒரு அம்புக்குறியும், கீழே மேப்பில் கண்ட உயரமும் வெட்டச் சொன்னார்கள். முதல் அடி விழுந்தபோது சென்னம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மெதுவாக் கொத்துப்பா," என்றாள் தச்சனிடம்.

அதற்குப் பிறகு கல்லுக்கு மரியாதை கூடிவிட்டது. சுற்றி முள்கம்பி, ஒரு இரும்புக் கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சாவி. சாவி சித்தூரில் இருந்தது. சென்னம்மா கம்பிக்கு வெளியே நின்று, குச்சியின் நுனியில் பூவைச் செருகிக் கல்லின் மேல் வைப்பாள். மஞ்சள் தண்ணீரைச் செம்பிலிருந்து வீசி ஊற்றுவாள். பாதி கல்லில் படும், பாதி மண்ணில் போகும்.

அந்த மஞ்சளால் ஒரு விபரீதம் நேர்ந்தது. வருஷா வருஷம் அப்பிய மஞ்சளும் எண்ணெயும் கல்லின் தலையில் ஏடு ஏடாகப் படிந்து, அளவுகோலை வைத்தால் ஒரு மயிரிழை தூக்கிக் காட்டியது. கல்லின் உயரம் மாறாது என்பது சட்டம். ஆகவே ஊர் தாழ்ந்திருக்க வேண்டும். 'ஆலங்குட்டை அமிழ்ந்துகொண்டிருக்கிறது' என்று பிரிவு ஒரு அறிக்கை அனுப்பியது. அதை விசாரிக்க ஒரு கமிட்டி வந்து, ஓடையில் ஜீப் மாட்டிக்கொண்டதை நேரில் கண்டு, அமிழ்வது உண்மைதான் என்று எழுதிவிட்டுப் போனது. கல்லின் தலையில் மஞ்சள் தடவக் கூடாது என்று உத்தரவு வந்தது.

"தலைக்கு ஊத்தாம எந்தப் பொண்ணுக்குத் தண்ணி ஊத்துவாங்க?" என்று கேட்டாள் சென்னம்மா. உத்தரவில் அதற்குப் பதில் இல்லை.

அடுத்தது பயணிகள் கணக்கு. விமானத்தளம் எத்தனை பேரைத் தாங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க, ஊரில் ஒவ்வொருவரையும் கேட்டாக வேண்டும். நாற்காலி போட்டு ராவ் உட்கார்ந்தார், சம்பத் கேட்டார். ஊர்க்காரர்கள், "நாங்க நடந்தே போய்க்கிறோம் சாமி," என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். கன்னையாவின் முறை வந்தது.

"விமானம் வந்தா வருஷத்துக்கு எத்தனை தடவை ஏறுவீங்க?"

"எங்க போவும் அது?"

"மெட்ராசு, பெங்களூர். எங்க வேணாலும் போகும்."

மகள் கல்லில் இருக்கிறாள் என்று கன்னையாவுக்குத் தோன்றாத நாட்களில் அது ஒன்று. "எங்க வேணாலுமா? எங்க பொண்ணு போன எடத்துக்குப் போவுமா சார்?"

சம்பத்தின் பேனா நின்றுவிட்டது. பின்னாலிருந்து ராவ், "எழுது. ஒரு தடவை. திரும்பி வருவானா கேள்," என்றார்.

"திரும்பி வருவீங்களா?" சம்பத் தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இன்னாத்துக்கு?" என்றார் கன்னையா.

இது ராவைக் கவலையில் ஆழ்த்தியது. போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்து, யாரும் திரும்பாவிட்டால் விமானங்கள் காலியாக வர வேண்டுமே. ஒருவழிப் பயணிகளுக்கென்று தனியாக ஒரு கூடம் தேவைப்படலாம் என்று குறித்துக்கொண்டார். எப்படியானாலும் ஆலங்குட்டையில் விமானத்தில் ஏறச் சம்மதித்த ஒரே ஆள் கன்னையாதான். அதனால் திருப்பதியில் நடந்த பெரிய கூட்டத்துக்கு அவரைப் 'பயணிகள் பிரதிநிதி'யாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாவியைக் கேட்டு வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் கன்னையாவும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார்.

சத்திரத்து மண்டபத்தில் பல இலாகாக்களின் எஞ்சினியர்கள் கூடியிருந்தார்கள். ராவ் எழுந்து பேசினார்.

"பக்தன் மலைக்கு வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை. இதை உலகத்தில் எந்த விமானத்தளமும் இதுவரை கவனித்ததில்லை. வரும்போது அவன் தலையில் முடி இருக்கிறது. போகும்போது இல்லை. வரும்போது மடியில் காசு இருக்கிறது. போகும்போது அதுவும் இல்லை, உண்டியலில் விழுந்துவிட்டது. ஆகவே போகிற விமானம் லேசாக இருக்கும், ஓடுபாதையின் கனத்தைக் குறைக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். அவர்கள் லட்டை மறந்துவிட்டார்கள்." இங்கே பலமான கைதட்டல். "சரி, எப்போது கட்டப் போகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கட்டிய விமானத்தளத்தில் இடம் போதவில்லை என்று நாலு பேர் குறை சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நம்முடைய தளத்தில் இதுவரை ஒரு பயணிக்காவது இடம் இல்லாமல் போனதுண்டா? இதுதான் முன்யோசனை."

பிறகு பயணிகள் பிரதிநிதியைப் பேச அழைத்தார்கள். கன்னையா கைகூப்பி எழுந்தார்.

"கேட்டு சாவி ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும் சாமி. உள்ள போவணும்."

இதற்கும் கைதட்டினார்கள். பயணிகள் உள்ளே போகும் வசதி போதாது என்று பிரதிநிதியே சொல்லிவிட்டதால், கொள்ளளவை உடனே கூட்டத் தீர்மானித்தார்கள். தை மாதத்துக்குள் முள்கம்பியில் இரண்டாவது கேட் வைத்தாயிற்று. அதற்கும் ஒரு பூட்டுப் போட்டார்கள்.

இப்படியே சில வருஷம் ஓடியது. இரண்டாவது மகள் யசோதா பெரியவளானாள். பொதட்டூரில் மாப்பிள்ளை பார்த்து, வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அந்த நேரம் பார்த்து எல்லைப் பேச்சும் முடிந்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று பெரியவர்கள் கோடு போட்டார்கள். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆலங்குட்டை மெட்ராஸ் ராஜ்யம் என்று தண்டோரா போட்டார்கள். கன்னையா படுத்த பாயில் படுத்தபடியே அடுத்த ராஜ்யத்தில் எழுந்திருக்கப் போகிறார். விமானத்தளமும் ஒழிந்தது, இனி கேட்டைத் திறந்துவிடுவார்கள் என்று அவருக்குச் சந்தோஷம்.

ராவுக்குத் தூக்கம் போயிற்று. விமானத்தளம் போனால் போகட்டும், ரேணிகுண்டாவைத் தாண்டி வேறு பொட்டல் பார்த்தாயிற்று. ஆனால் இத்தனை வருஷம் பாடுபட்டுக் கட்டிக்காத்த உயரத்தை மெட்ராஸ்காரனுக்கு எப்படி விட்டுக்கொடுப்பது? எல்லா வரைபடமும், எல்லா மட்டமும், லட்டுக் கணக்கு உட்பட, அந்தக் கல்லின் உயரத்தை வைத்துத்தானே போட்டிருக்கிறது? மார்ச் மாதக் கடைசியில் ஒரு லாரியை அனுப்பினார். கல்லைப் பெயர்த்துப் புது இடத்தில் நட்டுவிட்டால் ஒரு எண்ணைக்கூட மாற்ற வேண்டாம்.

சம்பத் முதல்முறையாக எதிர்த்து வாய் திறந்தார். "சார், உயரம் அந்த இடத்தோடது. கல்லுக்கு உயரம் கிடையாது. கல்லைத் தூக்கிக்கிட்டுப் போனா உயரம் கூட வராது."

"வராதா? பிறகு கல்லில் என்ன வெட்டி வைத்திருக்கிறோம்?" என்று கேட்டார் ராவ்.

சம்பத்துக்கு அந்த மாதம்தான் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது.

லாரி வந்த அன்று கன்னையா தாலிக்குச் சொல்ல நகரிக்குப் போயிருந்தார். சென்னம்மா களத்திலிருந்து ஓடி வருவதற்குள் கல் வேரோடு வந்துவிட்டது. ஆட்கள் அதைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். அவள் லாரியின் பின்னால் ஓடை வரைக்கும் ஓடினாள். கன்னையா திரும்பி வந்தபோது, திறந்து கிடந்த இரண்டு கேட்டுக்கும் நடுவில் ஒரு குழி இருந்தது. அதன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தாச்சாயணி நைனா," என்றாள். மகள் போன பிறகும் அவள் புருஷனை அப்படித்தான் கூப்பிட்டாள். "சொல்லிக்காமப் போய்ட்டா."

வேறு கல் நட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் நாலு பேர் சொன்னார்கள். கன்னையாவும் ஒரு நல்ல கல்லைப் பார்த்து வைத்தார். சென்னம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "வேற கல்லுல வேற யாரோ வந்து குந்துவாங்க. அவள அந்தக் கல்லுலதான கூப்ட்டு உக்கார வெச்சோம்? அவ வராம பந்தக்கால் நடமாட்டேன்."

கன்னையா சித்தூருக்குப் போனார். அரிசி மண்டி மாடியில் ராவ் அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்.

"அடடே, பயணிகள் பிரதிநிதி. ஆனால் இப்போது நீ வேற்று ராஜ்யத்து ஆள். நேராக என்னிடம் கேட்கக் கூடாது. நீ உங்கள் கலெக்டரைக் கேட்க வேண்டும், அவர் மெட்ராஸ் சர்க்காரைக் கேட்பார், அவர்கள் எங்கள் சர்க்காரைக் கேட்பார்கள், அவர்கள் என்னைக் கேட்பார்கள். நான் முடியாது என்று எழுதுவேன். எல்லாம் ஒழுங்காக நடக்கும்."

"பொண்ணு கல்யாணம் சாமி. பெரியவ வந்தாத்தான் சின்னவளுக்குத் தாலி."

"கல்யாணத்துக்கு என் ஆசீர்வாதம். ஆனால் அந்தக் கல் இல்லாவிட்டால் இரண்டு ராஜ்யத்து வானமும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். உன் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்காக அதை நான் செய்யலாமா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி ஆசீர்வாதத்தைக் கொடுத்துவிட்டுச் சாமியை வைத்துக்கொண்டார். கன்னையா மாடிப்படி இறங்கும்போது சம்பத் பின்னாலேயே வந்தார். ரேணிகுண்டாவிலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் புளியமரத்தில் திரும்ப வேண்டும் என்று சொன்னார். சொல்லும்போது கன்னையாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "என்னைத் தப்பா நினைக்காதீங்க," என்றார் கடைசியில். கன்னையா யாரையும் எப்படியும் நினைக்கிற நிலையில் இல்லை.

மறுநாள் அவரும் சென்னம்மாவும் புதுப் பாவாடை, பூ, மஞ்சள், ஒரு செம்பு எல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். ரேணிகுண்டாவில் இறங்கி வெயிலில் நடந்தார்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் முள்ளும் சரளையும்தான். அதன் நடுவில் புதுக் கம்பி பளபளத்தது. உள்ளே கல் நின்றது, ஒருபக்கம் சாய்ந்து. நெற்றியில் அம்புக்குறி. பக்கத்தில் ஒரு மரநிழல்கூட இல்லை.

"எப்படி வெயில்ல வுட்டுட்டுப் போயிருக்கானுங்க," என்றாள் சென்னம்மா.

காவலுக்குத் துலுக்காணம் என்ற வயதானவர் இருந்தார். தளத்துக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் எண்ண வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. போக்குவரத்தைப் பொறுத்துத்தான் தளம் எவ்வளவு பெரிது என்று முடிவாகும். அவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆடுகள் தவிர யாரும் வரவில்லை. ஆடுகளைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். மனித உருவில் இரண்டு பேரைப் பார்த்ததும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வாங்க, வாங்க. ரெண்டு பேரா?" என்று பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கோடு கிழித்தார். எதற்கு வந்தார்கள் என்று கன்னையா சொன்னதும் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தார். "கல்லைத் தூக்கிக்கினு போறதுன்னா என் வேலை போய்டும்," என்றார். பிறகு கம்பியையும் கல்லையும் பார்த்தார். "உள்ள போய்ப் பூஜை பண்றதப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லல," என்று பூட்டைத் திறந்துவிட்டார்.

சென்னம்மா எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு கல்லைக் கையால் தொட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். உளி வெட்டிய பள்ளங்களில் விரலை விட்டு மஞ்சள் தேய்த்தாள், புண்ணுக்குப் பற்றுப் போடுவது போல. புதுப் பாவாடையைச் சுற்றிக் கட்டினாள். கன்னையா பூவை வைத்தார். செம்பில் மஞ்சள் தண்ணீரை நிறைத்துக் கல்லின் முன்னால் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிட்டாள்.

"தாச்சாயணி, வாம்மா. ஒன் தங்கச்சிக்குக் கல்யாணம். எந்த ஊர்ல கீற, எந்த ராச்சியத்துல கீறன்னுலாம் பாக்காத. ஆயிதான் கூப்புடுறன், வாம்மா."

காற்று இல்லை. ரொம்ப நேரம் அப்படியே நின்றாள். கன்னையா அவள் முகத்தைப் பார்ப்பதும் கல்லைப் பார்ப்பதுமாக இருந்தார். வருவாளா என்று அவருக்கும் தெரியவில்லை, வராவிட்டால் இவளை எப்படி வீட்டுக்கு அழைத்துப் போவது என்றும் தெரியவில்லை. கடைசியில் சென்னம்மாவின் கையிலிருந்த செம்பு நடுங்கியது. அவள் அதை மடியோடு அணைத்துத் தலைப்பால் மூடிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும் வரை அந்தச் செம்பைத் தரையில் வைக்கக் கூடாது.

கேட்டில் துலுக்காணம் பலகையோடு காத்திருந்தார். "போறவங்க ரெண்டு பேருன்னு போட்டுக்கட்டுமா?"

"மூணு பேரு," என்றாள் சென்னம்மா.

துலுக்காணம் செம்பைப் பார்த்தார். கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் அல்லவா, பலகையில் இரண்டு கோடுதான் கிழித்தார்.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் கன்னையா நின்றார். சில்லறையை உள்ளே தள்ளினார். அவருக்கு அன்று சந்தேகம் இல்லை.

"ஏகாம்பரகுப்பம், மூணு டிக்கெட்டு," என்றார்.

பின்னாலிருந்து சென்னம்மா அவருடைய துண்டைப் பிடித்து இழுத்தாள். செம்பு அவள் மடியிலேயே இருந்தது.

"மூணு முழுசு இன்னாத்துக்கு?" என்றாள். "ரெண்டு முழுசு, ஒரு அரைன்னு கேளு. அவளுக்கு ஒம்போது வயசுதான?"

உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார். குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. ரயில்வே பழைய இலாகா, எல்லா விதமான பயணிகளையும் பார்த்திருக்கும். இரண்டு முழு டிக்கெட்டையும் ஒரு அரை டிக்கெட்டையும் அச்சில் குத்தித் தள்ளினார்.